கடலில் நின்ற சூசையும் அவர் பெயரைச் சொல்லாத கித்தேரியும்

தொம்மையார்துறையில் வயதானவர்கள் ஒரு கல்யாணமோ சாவோ எப்போது நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். சூசை கடலில் நிற்பதற்கு முன்னால் என்பார்கள், சூசை கடலில் நிற்கும்போது என்பார்கள், சூசை கரையேறின பிறகு என்பார்கள், கேட்பவர்களும் சரி என்று தலையாட்டிக்கொள்வார்கள். அந்தக் கடலில் கொஞ்ச காலம் நானும் நின்றவன்தான். ஆனால் என்னை வைத்து யாரும் காலத்தைச் சொல்வதில்லை, ஏனென்றால் என்னைச் சீக்கிரமே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒரு வள்ளத்தில் மூன்று பேர் போனோம். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் இன்னாசி மாமா, நடுவயதைத் தொட்டுக்கொண்டிருந்த சூசை அண்ணன், அப்போதுதான் மீசை முளைத்துத் தடித்திருந்த நான். காற்று வந்தது, வள்ளம் கவிழ்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, எங்கள் பக்கத்தில் வள்ளங்கள் அப்படித்தான் கவிழும். தேடிப் போனவர்கள் உடைந்த பலகையோடு திரும்பினார்கள், வீடுகளில் அழுது ஓய்ந்தார்கள், எங்கள் ஆன்மாக்களுக்காகக் கோயிலில் பூசைக்குச் சொன்னார்கள். அந்தப் பூசைக்கு முதல் மணி அடித்த காலையில், முகம் கழுவக் கடலுக்குப் போனவர்கள், அலை உடையும் இடத்துக்கு அப்பால் நாங்கள் மூவரும் கணுக்கால் மட்டும் நனையத் தண்ணீரின்மேல் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருப்பதைக் கண்டார்கள்.

கரையில் நடந்ததையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னதால்தான் தெரியும். பாத்திமாராஜ் சாமியார் துக்கப் பூசைக்கான உடுப்போடு மணலில் ஓடிவந்தாராம். அவர் உள்நாட்டுக்காரர், எங்கள் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, கடலைப் பார்த்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் பயம்தான். பூசையை நடத்துவதா நிறுத்துவதா என்று அவரிடம் கேட்டார்கள், அவர் கடலைப் பார்த்தார், தன் உடுப்பைப் பார்த்தார், “ஆள் நிக்கும்போது எப்படி ஆன்மாவுக்கு மட்டும் பூசை வைக்கிறது?” என்று திரும்பக் கேட்டார். அது நியாயமாக இருந்ததால் பூசை நின்றது. வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கூட்டிவரப் போனார்கள். எவ்வளவு துடுப்பு வலித்தாலும் எங்களுக்கும் வள்ளத்துக்கும் இருந்த தூரம் அப்படியே இருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் தெரிந்த முகம் கிட்டே போகப் போகவும் அதே அளவுதான் தெரிந்தது என்று சொன்னார்கள். மத்தியானத்துக்குள் களைத்துத் திரும்பி, கரையில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத் தொட்டியில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒன்று, தெருவில் கால் ஊன்றி நடக்கும்போது ஒன்று. தொட்டியில் வைத்த பெயர் கல்யாணத்தன்றும் சாவன்றும் மட்டுமே வெளியே வரும், மற்ற நாட்களில் அது பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி கிடக்கும். என்னை நெத்திலி என்பார்கள், இன்னாசி மாமாவைச் சேவல் என்பார்கள், அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே வேறு பெயர் தெரியாது. ஆகவே “சேவலு! நெத்திலி!” என்று அன்று கடற்கரை முழுக்கக் கத்தினார்கள், மகள்கள் “அப்பா” என்று கத்தினார்கள், மருமகன்கள் “மாமா” என்று கத்தினார்கள், நாங்கள் யாரையோ கூப்பிடுவதைப் பார்ப்பவர்கள் போல நின்றுகொண்டிருந்தோம்.

அந்த நிலையை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷங்களாக யோசிக்கிறேன். குளிரவில்லை, பசிக்கவில்லை. காலடியில் கடல், கழுவிவிட்ட கோயில் தரை போலக் கெட்டியாக இருந்தது. கரை தெரிந்தது, கரையில் ஆட்கள் தெரிந்தார்கள், அவர்கள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, ஆனால் அவர்களுக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டென்று தோன்றவில்லை. கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன், யாருடைய கையோ. கொடியில் காயும் சட்டைக்கு நினைப்பு இருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னாசி மாமாவைக் கரையேற்றியது அன்பு இல்லை, கோபம். அவருடைய தங்கை மதலேனாள் அக்கா, இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவர் எழுப்பிய சுவரைப் பற்றிய சண்டையில் பல வருஷமாக அவரோடு பேசாதவள், சாயங்காலம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.

“எலே இன்னாசி! சுவரைக் கட்டிட்டு இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா விட்டுருவேனா? கரைக்கு வாலே! வந்து இடிச்சிட்டு அப்புறம் சாவு!”

இன்னாசி மாமா தலையைத் திருப்பினார். பிறகு நடந்து வந்தார், அலையின்மேல், வழுக்கும் படிக்கட்டில் இறங்குகிற கிழவர் போலப் பார்த்துப் பார்த்து. கரையேறி முதலில் “பீடி வச்சிருக்கியாலே யாராவது?” என்று கேட்டார். மதலேனாள் அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே முதுகில் அடித்தாள்.

தொட்டியில் வைத்த பெயர்தான் காதில் விழும் என்ற விஷயம் அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. என் அம்மா சவுரியம்மாள் முட்டளவு தண்ணீரில் நின்று, நான் பிறந்த எட்டாம் நாள் கோயிலில் சொன்னதற்குப் பிறகு அநேகமாகச் சொல்லியிராத அந்தப் பெயரைச் சொன்னாள். “கஸ்பாரு.” கத்தக்கூட இல்லை. அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான். கொடியில் கிடந்த சட்டைக்குள் ஒருவன் கையை நுழைத்தான், தலையை நுழைத்தான், அந்த ஒருவன் நான். எனக்குப் பசித்தது, உப்புத் தண்ணீரில் வெடித்த உதடு எரிந்தது, இது என் அம்மா என்று தெரிந்தது. அந்த வரிசையில்தான் எல்லாம் வந்தது. பெயர் முதலில் வந்தது, நான் பிறகு வந்தேன்.

அது அம்மாவின் குரல் மட்டும்தானா என்று இப்போது சில சமயம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவள் அந்தப் பெயரைத் தானாக உண்டாக்கவில்லை, தொட்டியருகே இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தாள். வாங்கியதை அப்படியே திருப்பிச் சொன்னாள் போலிருக்கிறது. ஆனால் இதை யோசிப்பதற்கு நான் படித்தவன் இல்லை. அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைக் கஸ்பார் என்று கூப்பிட்டுவிட்டார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அப்போதுபோல் ஒரு தடவைகூட முழுசாக வந்து சேரவில்லை.

அந்த மாதங்களில் ஊர் பேசிய விதமே மாறிப்போயிற்று. பட்டப்பெயரெல்லாம் செத்தன. கறிக்கடைக்காரருக்கு வியாகுலம் என்று பெயர் இருப்பது தெரிந்தது, எல்லோரையும் கிண்டல் செய்கிற கிழவி ஒருத்திக்குப் பாக்கியநாதாள் என்று பெயர் இருப்பது தெரிந்து அவள் வெட்கப்பட்டாள். மீன் ஏலத்தில் ஏலக்காரர் ஞானஸ்நானப் பெயர் சொல்லித்தான் வியாபாரிகளைக் கூப்பிட வேண்டும் என்று ஆனது; வெளியூர் வியாபாரிகளில் முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு, அவர்கள் தங்கள் பாட்டன் வைத்த முழுப்பெயரைக் கூச்சத்தோடு சொன்னார்கள், ஏலக்காரர் அதையும் ராகமாகப் பாடினார். சாயங்காலமானால் பெண்கள் கரையில் நின்று பம்பாய்க்குப் போன பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பழைய புயல்களில் போனவர்களையும் சிலர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வரவில்லை. ஆனால் வெகுநாள் கழித்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன வீடுகளில் அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் சாமியாரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே, “அம்மா, என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

“ஐயோ சாமி! நாக்கு அழுகிரும்.”

“எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் யாரும் கூப்பிடலை.”

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, “பாத்திமாராசு” என்றாள். சாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், மேய்ப்பனுக்கு மந்தை என்று ஒன்று கண்ணில் தெரிவதில்லை, இந்த ஆடு, அந்த ஆடு, நொண்டுகிற இந்த ஆடு என்றுதான் தெரியும் என்று சொன்னார். எங்கள் ஊரில் ஆடு வளர்ப்பவர் யாரும் இல்லை என்றாலும் புரிந்தது.

சூசை அண்ணன் மட்டும் கடலில் நின்றார்.

ஊரே கூடி அவரைக் கூப்பிட்டுப் பார்த்தது. ஊரில் இருந்த மற்ற சூசைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. சாமியார் கூப்பிட்டார், ஊர்த்தலைவர் கூப்பிட்டார், இன்னாசி மாமா கெட்ட வார்த்தை சேர்த்துக் கூப்பிட்டார். சொந்த வீட்டார் வாயிலிருந்து வந்தால்தான் காதில் விழும் என்று தெரிந்தது. அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வீடு என்று இருந்தது அவர் மனைவி கித்தேரி மதினி ஒருத்தி.

மதினி அவர் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் அவருடைய ஆயுசு குறையும். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி அவன் அப்பா என்பார்கள். மதினிக்கு அதுவும் இல்லாததால் “அவுக” என்பாள், அவ்வளவுதான். செபமாலை முடிந்து ஊரே சேசு மரி சூசை என்று சொல்லும்போது அவள் சேசு மரி என்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்துவாள். கல்யாணத்தில் வாக்குக் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போதும் அவள் உதடு மட்டும்தான் அசைந்தது, அன்றைக்கிருந்த பழைய சாமியார் காது கேட்காதவர் என்பதால் கேட்டதாகவே வைத்துக்கொண்டார்.

“அப்பம் உன் கல்யாணமே செல்லாதுளா” என்று மதலேனாள் அக்கா கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். “செல்லாத கல்யாணத்துல செல்லாத புருசன் ஆயுசு எப்படிக் குறையும்? சும்மா கூப்பிடு.”

பெண்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. விடியற்காலையில் சோற்றுப் பானையோடு வந்து ஈர மணலில் உட்கார்வாள், “இந்தாருங்க, கஞ்சி ஆறுது” என்பாள், “இந்தாருங்க, இருட்டுது” என்பாள். கடல் அந்தச் சொற்களை வாங்கிப் போட்டுக்கொண்டது.

நாளாக ஆக ஊருக்கு அவர் பழகிவிட்டார். வள்ளங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. “சூசைக்கு வடக்கே வலை போட்டோம், நல்ல பாடு” என்று பேசிக்கொண்டார்கள். கடற்பறவைகள் அவர் தோளில் உட்கார்ந்து இறகு கோதின. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பி விற்றார்கள். ஆனால் தினமும் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது: கணுக்காலில் இருந்த தண்ணீர் முட்டுக்கு வந்திருந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

மார்பளவு வந்த அன்று சாமியார் மதினியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். நானும் அங்கே நின்றேன்.

“அம்மா, பேர் சொல்றதாலே ஒருத்தர் ஆயுசு குறையாது. பேர் கடவுள் குடுத்தது. கூப்பிடறதுக்குத்தான் குடுத்தது.”

“நீங்க கூப்பிடுங்க சாமி. உங்களுக்கு அது பேரு. எனக்கு அப்படியா?” மதினி கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கல்யாணம் ஆன நாள்லேருந்து எத்தனை காத்து, எத்தனை புயல். இந்தத் தெருவுல எத்தனை பேரு தாலி போச்சு. அவுக ஒவ்வொரு தடவையும் வந்தாகளே, எப்படி வந்தாக? நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதனால வந்தாக. மத்தவங்க செபம் சொல்லுவாக. நான் சொல்லாம இருக்கதுதான் சாமி என் செபம். அதை இப்ப உடைக்கச் சொல்லுதீகளே.”

சாமியாருக்குப் பதில் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்தப் பதிலை அவளுடைய முகத்துக்கு நேரே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். ஒருத்தி தன் வாயைப் பூட்டி, சாவியை விழுங்கி, அதையே வாழ்க்கை முழுக்க அன்பு என்று சுமந்திருக்கிறாள். அது தப்பு என்று சொல்ல நான் யார், சரி என்று சொல்லத்தான் நான் யார்.

கச்சான் காற்று எழும்பியது. கடல் பழுப்பு நிறமாகிப் பொங்கியது, சூசை அண்ணனின் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தது, அலை ஏறும்போது அதுவும் தெரியவில்லை. அன்று மத்தியானம் மதினி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“கஸ்பார் தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அங்க நிக்கையில வலிச்சுதா?”

“இல்ல மதினி. ஒண்ணும் வலிக்கல.”

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. “கரை தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பம் நான் உக்காந்திருக்கதும் தெரியும். என்னைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்காக.”

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், மிச்ச காலத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும். நான் அவள் நிற்பதைப் பார்த்தேன், அவள் கால் விரல்களால் மணலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

“கண்ணு பாக்கும் மதினி. ஆனா யாருன்னு தெரியாது.”

“என்னையா?”

“யாரையும். எங்கம்மா நின்னா. யாரோ பொம்பளைன்னு இருந்துச்சு. என்னையே எனக்கு யாருன்னு தெரியாதே.”

“அவுகளுக்கு அவுகளையே தெரியாதா” என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. “அப்பம் நான் யாரைச் சாகாம வச்சிருக்கேன்?”

அவள் கடலைப் பார்க்க நடந்தாள், நான் பின்னால் போனேன், எங்களைப் பார்த்தவர்கள் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள், மணி அடிக்காமலேயே கரையில் ஊர் கூடிவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை, மதலேனாள் அக்காகூட. அவள் தண்ணீரில் இறங்கினாள். அலை அவளை ஒருதரம் கீழே தள்ளியது, எழுந்தாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள், நாற்பது வயதுப் பெண் பேச்சு வராத குழந்தை போல உதட்டைக் குவித்தாள், விரித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. கடலில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் தங்களை அறியாமல் அவளோடு சேர்ந்து உதட்டைக் குவித்தார்கள். அப்போது அவள் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை, அவள் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கவில்லை, காற்று அப்படி இரைந்தது.

அவருக்குக் கேட்டது.

அவர் திரும்பினார். கழுத்துக்குக் கீழே தோள் வந்தது, மார்பு வந்தது, ஆழமான கிணற்றிலிருந்து ஏறுபவர் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்கு மேலே வந்து, பிறகு நடந்தார். மதினி அதற்குள் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், இப்போது எல்லோருக்கும் கேட்டது, சூசை, சூசை, சூசை என்று, மன்றாட்டு மாலை சொல்வது போல, திட்டுவது போல, இத்தனை வருஷத்துக்குச் சேர்த்து. அவர் எதிரே வந்து நின்றதும் நிறுத்தினாள். கையை அவர் மார்பில் வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஆயுசு எவ்வளவு குறைந்தது என்று யாருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் இருந்தார், அதைவிட அதிகம் இருந்திருப்பாரோ என்னவோ.

சூசை அண்ணன் கரையைப் பார்த்தார், எங்களையெல்லாம் பார்த்தார், தாடியிலிருந்து தண்ணீரை வழித்தார்.

“ஏளா, வா, வீட்டுக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மதினி வரவில்லை. முட்டளவு தண்ணீரில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏளா.”

அவள் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அலை அவள் சேலையை முன்னும் பின்னும் இழுத்தது.

“ஏளா, உன்னத்தான்!”

மதலேனாள் அக்கா முன்னால் வந்தாள். “எலே, அவளுக்குப் பேரு இல்லையா? இல்ல, மறந்துட்டியா?”

சூசை அண்ணன் உதவிக்கு எங்கள் பக்கம் பார்த்தார். ஊரில் இருந்த அத்தனை ஆண்களும் அங்கே நின்றோம், கல்யாணம் ஆனவர்கள் எல்லோரும், மனைவியை ஏளா என்றும் இந்தா என்றும் கனைத்தும் கூப்பிட்டவர்கள். ஒவ்வொருவரும் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் திரும்பித் தண்ணீரில் இறங்கினார். தொண்டையைச் செருமினார்.

“கித்தேரி” என்றார்.

பழக்கமில்லாத துறையில் காலை வைத்து ஆழம் பார்ப்பவர் போலச் சொன்னார். சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னோமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

“வாறேன்” என்றாள் அவள்.